மாமனாரும் மாப்பிள்ளையும் பார்த்த தொடர்

சலவைக்கடை மாப்பிள்ளை என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கடை மாமனாருடையது, மேலே இருந்த வீடும் மாமனாருடையது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவருடைய மரியாதையைத்தான் தாங்க முடியாது. பெரியவர் ஒரு வார்த்தை நேரில் பேச மாட்டார். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கச் சொல்லி மகளை ஏவுவார். அவளும் திரும்பிக் கேட்பாள்.

இருவரையும் பேசவைத்தது ஒரு டிவி தொடர்தான். அதிலும் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு நாற்காலியில் உட்காருவார்கள். அவன் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் என்னவாம் என்று பெரியவர் டிவியைப் பார்த்துச் சொல்வார். ராத்திரி வரை உழைக்கிறவன் எப்படி எழுவான் என்று மாப்பிள்ளையும் டிவியிடமே சொல்வார். மறுநாள் பெரியவரே போய்க் கடையைத் திறந்திருப்பார். இரண்டு ஆம்பளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர் பார்க்கிறார்களே என்று மகளுக்குச் சிரிப்பு. ஆனாலும் தூது போகிற வேலை குறைந்ததில் அவளுக்கு நிம்மதி.

அப்போதுதான் மாப்பிள்ளை இஸ்திரி போட எடுத்த ஒரு வாடிக்கைக்காரரின் பட்டுச் சட்டை கருகியது. சட்டைக்காரர் எதிரிலேயே பெரியவர் மாப்பிள்ளையைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அதற்கு மட்டும் மகள் தேவைப்படவில்லை. அயர்ன்பாக்ஸ் சூட்டைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே தண்ணீர் எடுக்கப் போனோம் என்று மாப்பிள்ளைக்கு நன்றாக நினைவிருந்தது. மனசு ஆறவேயில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு பார்த்து, ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். மனைவி அழுது பார்த்தாள். அவர் அசைந்துகொடுக்கவில்லை.

தொடரிலும் அந்த வாரம் மாமனார் மாப்பிள்ளைமேல் நகைத் திருட்டுப் பழியைப் போட்டிருந்தார். நகையோ மாமனாரின் சட்டைப் பையிலேயே இருந்தது. பெரியவர் கண் கொட்டாமல் பார்த்தார். வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தால், டிவியில் யாரோ காய் நறுக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆளில்லை என்று தொடரைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம். பெரியவர் டிவிக்காரர்களுக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடித்தார். முடிவையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தார். அவர்கள் ஃபோனை வைத்துவிட்டார்கள். அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஒரு தொடருக்கு இவ்வளவா என்று மாப்பிள்ளைக்கு எரிச்சல். அவருக்கும் கை ஒடிந்த மாதிரிதான் இருந்தது, ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை.

சனிக்கிழமை, பழக்கதோஷத்தில் இருவரும் அணைத்துக் கிடந்த டிவிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையால் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்த மாமனார் இன்னைக்கு என்ன பண்ணியிருப்பாரு?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மைய ஒத்துக்கிட்டிருப்பான். அயர்ன்பாக்ஸ் சூட்ட ஏத்தி வச்சது நான்தான், அடுத்தது பருத்தின்னு நெனச்சுட்டேன்னு சொல்லியிருப்பான்."

அந்தத் தொடரில் அயர்ன்பாக்ஸே கிடையாது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை விடவில்லை.

"அந்தச் சட்டைக்காரர் முன்னாடி சொல்வாரா?"

பெரியவர் டிவியை விட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"சொல்றேன் மாப்பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பக்கத்துத் தெருவுக்குப் போய், வீடு வேண்டாம் என்றார். என்ன காரணம் என்று வீட்டுக்காரர் கேட்டார். தொடரை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.