நீளம் சைபர்

சீதாலெட்சுமி சுபாங் ஜெயாவிலிருந்த அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலைக்குத்தான் சேர்ந்தாள். கேரி தீவின் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் என்கிற பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவள். சாப்பாட்டு நேரத்தில் கையேடுகளைப் படித்துப் படித்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். எட்டு வருடத்தில், பட்டம் இல்லாத ஒரே புரோகிராமராக அங்கே நாற்காலி பிடித்திருந்தாள்.

1996-இல் கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்துக்கு அவர்கள் ஒரு மெஷின் வைத்துக் கொடுத்தார்கள். கிடங்குக்கும் கோலாலம்பூர் அலுவலகத்துக்கும் இடையே போகிற தகவலெல்லாம் பாக்கெட் என்கிற சிறு துண்டுகளாக அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு மாதம் சமர்த்தாக ஓடியது. பிறகு திடீர் திடீரென்று உறைந்துபோனது. அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். அதுவரை லோரிகள் கிடங்கு வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

மேலாளர் கனகலிங்கம் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாண வம்சம், லண்டனில் படித்தவர். மெமரியை மாற்றிப் பார்த்தார், கார்டை மாற்றிப் பார்த்தார், கடைசியில் மெஷினையே மாற்றினார். புது மெஷினும் உறைந்தது.

"பாஸ், கோளாறு மெஷின்ல இல்ல. வர்ற பாக்கெட்லதான் ஏதோ இருக்கு," என்றாள் சீதாலெட்சுமி.

"விசர்க்கதை கதையாதையும். உலகம் முழுக்க ஓடுற சிஸ்டம். ஒரு பாக்கெட் வந்து அதை நிப்பாட்டுமோ?"

"மூணு நாள் கொடுங்க பாஸ். கிள்ளான்லயே உக்காந்து பாக்கறேன்."

"மூண்டு நாள்தான்."

அவள் இன்னொரு கம்ப்யூட்டரை அதே கம்பியில் மாட்டி, வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பதிய வைத்தாள். மூன்று நாளில் மெஷின் நான்கு முறை நின்றது. நான்கு முறையும் கடைசியாக வந்தது ஒரே மாதிரி பாக்கெட். கிடங்கில் புதிதாக வாங்கியிருந்த கம்பித் தொடர்பைச் சோதிக்கும் ஒரு கருவி அனுப்பியது.

சாதாரணமாக ஒரு பாக்கெட்டின் தலைப்பகுதியில் முகவரிகளும் சில எண்களும்தான் இருக்கும். எப்போதாவது அவற்றுக்குப் பின்னால் ஆப்ஷன் என்று சிறு குறிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். இத்தகைய குறிப்பு தன் நீளத்தைத் தானே சொல்ல வேண்டும். இது சொன்ன நீளம் சைபர்.

மெஷினை ஓட்டிய இயங்குதளத்தின் மூல நிரல் வரிகள் யாரும் படிக்கக்கூடியவை. அவள் திறந்து படித்தாள். குறிப்பின் நீளத்தைப் படி, அவ்வளவு தூரம் தள்ளிப் போ, அடுத்த குறிப்பைப் பார். அவ்வளவுதான் அங்கே எழுதியிருந்தது. நீளம் சைபர் என்றால்? நின்ற இடத்திலேயே நின்று அதே குறிப்பைப் படித்துக்கொண்டே இருக்கும், முடிவே இல்லாமல்.

அலுவலகத்துக்கு வந்து விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதே பாக்கெட்டைத் தன் கையாலேயே செய்து வைத்துக்கொண்டு, கனகலிங்கத்தை நல்ல மெஷின் ஒன்றின் முன்னால் உட்காரச் சொன்னாள்.

"தட்டவா பாஸ்?"

தட்டினாள். அவருடைய திரை உறைந்தது. விசைகளைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இன்னொருக்கா," என்றார். மெஷினை எழுப்பி மறுபடி தட்டியதும் மறுபடி உறைந்தது. அவர் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "எங்க, அந்த வரியைக் காட்டும் பார்ப்பம்."

நீளம் சைபர் என்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போடும்படி அவள் எழுதினாள். மெஷின் நிற்கவில்லை. அந்தத் திருத்தத்தை, இயங்குதளத்தைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். இரண்டாம் நாள் பதில் வந்தது: பிழை உண்மைதான், ஆனால் இந்தத் திருத்தம் போதாது. நீளம் ஒன்று என்றால்? தலைப்பகுதியைத் தாண்டிப் போகிற அளவுக்கு நீளம் சொன்னால்?

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் கேள்வி நியாயம். வகைக்கு ஒரு பைட், நீளத்துக்கு ஒரு பைட் என்று குறைந்தது இரண்டு வேண்டுமே. அன்று முழுக்க விதவிதமான கெட்ட பாக்கெட்டுகளைச் செய்து தன் மெஷினையே அடித்துப் பார்த்தாள். அப்போதுதான் அவர்களும் கேட்காத ஒன்று தட்டுப்பட்டது: குறிப்பு கடைசி பைட்டில் தொடங்கினால், நீளத்தைப் படிக்க அங்கே இடமே இல்லை. இரண்டுக்குக் குறைவான நீளம், தலைப்பகுதியைத் தாண்டும் நீளம், நீளத்துக்கே இடமில்லாதது என்று மூன்றுக்கும் காவல் வைத்து, எந்த பைட்டில் தவறு என்று அனுப்பியவருக்கே திருப்பிச் சொல்லும்படியும் எழுதினாள்.

இந்த முறை ஒரே வரி வந்தது. ஏற்றுக்கொண்டோம், திருத்தியவர்கள் பட்டியலில் எந்தப் பெயரைப் போடுவது?

'சீதாலெட்சுமி நாகையா, கிள்ளான், மலேசியா' என்று எழுதி அனுப்பினாள்.

சரக்கு நிறுவனத்தில் கனகலிங்கமே எல்லார் முன்னாலும் சொன்னார்: "பெரிய பெரிய ஆக்கள் விட்ட பிழை. எங்கட சீதாதான் பிடிச்சவ. நான் நம்பவே இல்லை."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா பவுனம்மாள் விசாரித்தாள். "எல்லா நாட்டுலயும் உன் பேரு வருமா? எவ்வளவு பெரிய எழுத்துல?"

"சின்ன எழுத்துதாம்மா. இந்த வேலை தெரிஞ்சவங்க மட்டும்தான் பாப்பாங்க."

"பாக்கறவங்க பாக்கட்டும் லா. அப்பா பேரு இருக்குல்ல?"

"இருக்கும்மா."

அம்மா உடனே பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் போய்விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது: "உலகத்துல உள்ள கம்ப்யூட்டரெல்லாம் நின்னு போச்சாம். எம்பொண்ணுதான் ஓட வெச்சிருக்கா!"

தப்பாகச் சொன்னால் உடனே திருத்துகிறவள் சீதாலெட்சுமி. அன்று மட்டும் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தாள்.