அக்காவின் செவ்வாய்க்கிழமை நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்குத் ‘தொடாதே மேடம்’ என்று பெயர். வைத்தது தப்பே இல்லை. லைப்ரரி நிரலைத் திறந்து யாராவது கை வைத்தால், மூன்று மேசை தள்ளியிருந்து “தொடாதே!” என்று சத்தம் வரும். லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் அல்ல. எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி, ஆயிரம் பேர் அடித்துத் துவைத்துச் சோதித்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருக்கும் நிரல். அவளும் ஒரு காலத்தில் அதை நகலெடுத்து நாலு வரியைத் திருத்தியவள்தான். லைப்ரரிக்காரர்கள் பிறகு ஒரு ஓட்டையை அடைத்தார்கள். இவளுடைய நகலில் ஓட்டை அப்படியே இருந்தது. சூடு கண்ட பூனை. அன்றிலிருந்து மூலத்தைத் தொடாமல், அதன்மேல் தன் விதியை மட்டும் சேர்ப்பாள்.

அவளுடைய அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். போன வருடம் ஒரு புரோக்கர், பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப்போனான். அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவின் நாற்காலியில் வேறொருவர். நுரையீரலில் நீர் கோத்து, அவள் பிழைத்து வந்ததே பெரும்பாடு.

அதற்குப் பிறகுதான் நோயாளிகள் சங்கம், எந்த நாற்காலி யாருக்கு என்பதை ஸ்மார்ட் காண்ட்ராக்டில் பதியலாம், மருத்துவமனையும் அதைப் பார்த்தே நாற்காலி தரும் என்று இவளிடம் வந்தது. இணையத்தின் பொதுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், எழுதியவளே நினைத்தாலும் மாற்ற முடியாத நிரல் அது. சரியாக எழுதினால் கோட்டை. தப்பாக எழுதினால் அந்தத் தப்புக்கும் அதே கோட்டை.

லைப்ரரியில் ‘ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது’ என்றொரு வழி இருந்தது. மேலே ஒரு விதி சேர்த்து அதை மறித்தாள். சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சை காட்டின. ஏற்றுவதற்கு முந்தின நாள் மத்தியானம், மடிக்கணினியை அக்கா முன்னால் வைத்தாள். அக்காவின் கணவரான மாமாவும் பக்கத்தில் இருந்தார்.

“திருடி மாதிரி யோசி, அக்கா. உன் நாற்காலிய மாமாவுக்குத் தள்ளிவிட முடியுதா பாரு.”

அக்கா கொடுத்துப் பார்த்தாள். மறுத்தது.

“அந்த ஆளு எங்கிட்ட குடுன்னு கேக்கவே இல்லடி. கையெழுத்துதான வாங்கினான்?”

சொல்லிவிட்டு, தன் சார்பில் எடுத்துக்கொள்ள மாமாவுக்கு அனுமதி கொடுத்தாள். மாமா தன் ஃபோனில் ஒரு தட்டு தட்டினார். நாற்காலி அவருடையதாகிவிட்டது.

“எனக்கு கிட்னி நல்லாத்தான இருக்கு,” என்று மாமா அசடு வழிந்தார்.

தங்கை மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். நாளைக்கு ஏற்றியிருந்தால்? திருடன் வராத வாசலுக்கல்லவா பூட்டுப் போட்டிருக்கிறாள்!

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லைப்ரரியை வரி வரியாகப் படித்தாள். கொடுக்க ஒரு வழி, அனுமதியோடு எடுக்க ஒரு வழி, புதிதாக வழங்க, திருப்பி ஒப்படைக்க என்று வேறு வழிகள். எல்லாம் உள்ளே போய் ஒரே ஒரு சின்ன இடத்தில் சேர்ந்தன. உரியவரின் பெயர் மாறுவது அங்கேதான். அதன் தலைமாட்டில் ஒரு குறிப்பு: உங்கள் விதியை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. இப்படி ஒருத்தி என்றைக்காவது வருவாள், அவளுக்கென்று ஒரு விதி இருக்கும் என்று, முகம் தெரியாத யாரோ இடம் விட்டு வைத்திருக்கிறார்களே! டயாலிசிஸ் நாற்காலியைக் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள். கைகூப்பத் தோன்றியது. மாமா பக்கத்திலிருந்ததால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

‘பெயர் மாறக்கூடாது’ என்ற விதியை, மூலத்தைத் தொடாமல், அந்த இடத்துக்காகத் தன் நிரலில் எழுதினாள். அதன் கீழே, மீதி வேலையை மூல நிரலிடமே விட்டுவிடும் ஒரு வரி.

“அப்போ நான் போயிட்டா, நாற்காலி காலியாவே கெடக்குமா?” அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

கேள்வி சரி. எல்லா வழியும் சேரும் இடத்தில் மறித்தால் எல்லாமே நின்றுவிடும். சங்கம் வழங்குவதற்கும் சங்கத்திடம் திரும்புவதற்கும் மட்டும் வழிவிட்டாள். பொழுது சாயும்வரை அக்காவும் மாமாவும் திருடிப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

மறுநாள் ஏற்றினாள்.

“இனிமே நீ நெனச்சாலும் மாத்த முடியாதா?”

“நானே வந்து அழுதாலும் முடியாதுக்கா.”

அதுவரை அக்கா ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே மருத்துவமனைக்குப் போய், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தன் நாற்காலிக்குக் காவல் இருப்பாள். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நிதானமாகக் குளித்தாள். தலை காயும்வரை விசிறிக்கடியில் உட்கார்ந்தாள். மாமாவைப் பதறவிட்டு, வேண்டுமென்றே பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனாள்.

நாற்காலியில் யாரும் இல்லை.