லிஃப்ட்காரர் தேடிப்போன சனி

எங்கள் அலுவலக லிஃப்டைப் பழுது பார்க்க உள்ளே நுழைந்ததும் அவர் பொத்தானை அழுத்த மாட்டார். கூண்டின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, குதிகாலை உயர்த்தி ஒருமுறை தொப்பென்று இறங்குவார். பிறகு பக்கத் தகட்டில் காதை வைப்பார். மூன்றாம் மாடிக்குப் போக வேண்டியவர்கள் கோப்புகளை அணைத்தபடி வெளியே காத்திருப்போம். “இடது கம்பி முனகுது. இன்னிக்குப் படியேறிப் போங்க, தொப்பையாவது குறையும்” என்பார். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவர் முனகுகிறது என்று சொன்ன கம்பியை மாற்றாமல் தள்ளிப்போட்ட ஒரு கட்டடத்தில், நான்கு பேர் இரண்டு மாடிக்கு நடுவே இரண்டு மணி நேரம் தொங்கிய கதை எல்லோருக்கும் தெரியும்.

வயது ஐம்பத்தொன்பது. ஒடிசலான உடம்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ், நகக்கண்களில் பிறைபிறையாக நிற்கும். தான் பழுது பார்த்த லிஃப்டில்கூட ஏறமாட்டார், படிதான். கேட்டால், “சமையல்காரன் விருந்துல உக்காந்து சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?” என்பார். “மேல போனது கீழ வரணும், கீழ வந்தது மேல போகணும். நடுவுல நின்னாதான் எனக்குச் சோறு.” தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரரே விழிப்பார்.

இரண்டு வருடமாக அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் அவர் வீட்டுக் கொல்லை முழுவதும் தெரியும். துவைக்கிற கல், கொடிக்கயிறு, ஒரு தண்ணீர்க் குழாய், இடுப்பளவு பின்சுவர். சுவருக்கு அப்பால் மருந்துக்கடைக்காரர் வீட்டின் பின்பக்கம். குடிவந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். பொழுது சாய்ந்துவிட்டால் லிஃப்ட்காரர் அந்தக் கொல்லையில் கால் வைக்கவே மாட்டார். திடீரென்று மழை பிடித்தால் அவர் மனைவிதான் ஓடி ஓடித் துணி எடுப்பார். இவர் வாசற்படிக்கு உள்ளேயே கூடையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

அதற்கான காரணத்தை அந்த அம்மாதான் சொன்னார். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடைகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவர். என் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கப் போயிருந்தேன். குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டே பேசினார்.

பதினோரு வருடத்துக்கு முன்பு வரை லிஃப்ட்காரருக்குச் சாயங்காலம் என்றால் கொல்லைதான். கழித்துப்போட்ட லிஃப்ட் கூண்டின் தகட்டை வளைத்து அவரே செய்த ஒரு தொலைநோக்கி இருந்தது. உள்ளே இருக்கும் எட்டு அங்குலக் கண்ணாடியைத் தேய்த்துக் குழிப்பதற்கு மட்டும் பதினான்கு மாதம் பிடித்ததாம். ஒருநாள் மாலை வியாழன் எழும்புவதற்காகத் தொலைநோக்கிக் குழாயைக் கிழக்கே தாழ்த்தி வைத்துக் காத்திருந்தார். கிழக்கே இருப்பது மருந்துக்கடைக்காரர் வீடு. மாடி ஜன்னலில், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மகள் எதேச்சையாக நிமிர்ந்து பார்த்தாள். இருட்டில் ஒரு குழாய், அதன் பக்கத்தில் ஒரு ஆள்.

அடுத்த பத்து நிமிடத்தில் கொல்லை நிறையக் கூட்டம். யாரோ உதைத்ததில் குழாய் நசுங்கியது. காவல் நிலையத்தில் இவர் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார். “சார், இதுல கண்ணைப் பக்கவாட்டுல வச்சுப் பாக்கணும். தெரியறதும் தலைகீழாத்தான் தெரியும்.” எழுதிக்கொண்டிருந்த காவலர் நிமிராமலே சொன்னாராம்: “தலைகீழாப் பாத்தாலும் பொண்ணு பொண்ணுதானேய்யா.” எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல் வெளியில் எடுக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். தெருவில் கொஞ்ச நாள் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை அந்த அம்மா என்னிடம் சொல்லவில்லை.

“அதெல்லாம்கூட அவருக்குப் பெருசா உறைக்கலைங்க. வீட்டுக்கு வந்ததும் நானும் ஒண்ணு கேட்டேன்.” கடைசிக் குண்டூசியைத் துணியில் குத்தினார். “‘நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, வானத்தைத்தான் பாத்தீங்களா?’ன்னு கேட்டுட்டேன். அவரு பதில் சொல்லல. குழாயைக் கழட்டி, பழைய போர்வையில சுத்திக் கட்டிலுக்கு அடியில தள்ளினாரு. இன்னி வரைக்கும் பதில் சொல்லல.”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிலுக்கு அடியில் இருந்து தகடு தரையில் உரசும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. இறங்கிப் போனேன். குழாயில் நசுங்கிய பள்ளம் அப்படியே இருந்தது. அவர் அதைத் தட்டி நிமிர்த்தவில்லை. கண்ணாடியை மட்டும் தனியே கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, பஞ்சால் அழுத்தாமல் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பூஞ்சை பிடித்த மாதிரி நான்கைந்து புள்ளிகள். “நடு நல்லா இருக்கு. நடு போதும்” என்றார்.

ஏன் திடீரென்று என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். “சனிக்கு வளையம் இருக்குல்ல, அது இப்படித்தான் தெரியும். ஏறக்குறைய பதினஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை, இப்படி.” தட்டை என் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தார். விளிம்பு மட்டும் தெரிந்தது. “வளையம் கோடாயிடும். நாப்பத்தினாலு வயசுல ஒருதடவை பாத்தேன். இப்ப மறுபடி வருது. இதை விட்டா எழுபத்தினாலு வயசுலதான். அப்ப கண்ணு இருக்கோ, நானே இருக்கேனோ.”

“ஊரே சனி விட்டாப் போதும்னு ஓடுது. இவரு வெத்தல பாக்கு வைக்காத குறையாத் தேடிப் போறாரு” என்றார் மனைவி. சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அவர் கை மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

அன்று மாலை வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். “அப்பா, அதை ஏன் மறுபடி எடுக்கறீங்க? எட்டாவது படிக்கறப்ப நான் பட்டது போதாதா? எனக்கு இப்பதான் ஒரு இடத்துல பேசிட்டு இருக்காங்க. பொண்ணு வீட்டுக்காரங்க தெருவுல வந்து விசாரிச்சா என்ன சொல்லுவாங்க?” லிஃப்ட்காரர் போனுக்குக் கிட்டே குனிந்தார். “விசாரிக்கட்டும்ப்பா. என்னையும் வந்து விசாரிக்கச் சொல்லு. இதுவரைக்கும் யாரும் என்னை விசாரிக்கல” என்றார். மகன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

நான் கொல்லையில் இறங்கி வானத்தைப் பார்த்தேன். தெற்கே எழும்பியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடம் பாதி வானத்தை அடைத்துவிட்டது. மிச்சம் இருப்பது மருந்துக்கடைக்காரரின் மாடி ஜன்னலுக்கு நேர் மேலே, கைப்பிடிச் சுவருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. சனி அதற்குள் நாற்பது நிமிடம்தான் நிற்கும். மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்விடலாமே, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்றேன். தலையை அசைத்தார். “இப்ப ஒளிஞ்சு பாத்தா, அப்ப பாத்ததும் தப்புன்னு ஆயிடும்.”

குறித்த நாளன்று காலை என்னைக் கூப்பிட்டார். “சும்மா கூட வாங்க. நான் என்ன சொன்னேன்னு நாளைக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும்.” சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனோம். சட்டையின் மேல் பொத்தானை வழியிலேயே இரண்டு முறை போட்டுப் பார்த்தார். அழைப்பு மணிக்கு மேலே விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

கதவைத் திறந்த மருந்துக்கடைக்காரர் இவரைப் பார்த்ததும் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், இன்னிக்கு ஏழு மணிக்கு டெலஸ்கோப்பை வெளிய எடுக்கறேன். உங்க வீட்டுக்கு மேல இருக்கற வானத்தைத்தான் பாக்கணும், வேற வழியில்ல. சொல்லாம பண்ணக் கூடாதுன்னு வந்தேன்.”

“எழுதிக் கொடுத்தீங்களே, மறந்துபோச்சா?”

“மறக்கல சார். பதினோரு வருஷம் எடுக்கலையே.”

“என் பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிட்டா. அந்த ரூம்ல இப்ப மருந்து அட்டைப்பெட்டிதான் இருக்கு.” அவர் குரல் உயர்ந்தது. “ஆனா அவ அன்னைக்கு அழுதது எனக்கு மறக்கல. ஒரு வருஷம் அந்த ஜன்னலையே திறக்கல அவ.”

லிஃப்ட்காரருக்கு அது இதுவரை தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. திரும்பி வரும்போது, “புள்ள பயந்திருக்கும்ல” என்று மட்டும் சொன்னார்.

ஏழு மணி. வாசற்படியில் நின்று அவர் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினார். மரப்பெட்டியை வைத்து, குழாயை அதன் மேல் ஏற்றி, கிழக்கே தாழ்த்தினார். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாகத் திரைச்சீலை ஒதுங்கியது. முன்னறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கைப்பிடிச் சுவருக்கு மேல் மஞ்சளாக ஒரு புள்ளி ஏறியது. அவர் குனிந்து, ஐபீஸில் கண்ணை வைத்த அதே நொடியில் எதிர் மொட்டைமாடியில் இருந்து வெளிச்சம் பாய்ந்தது. மருந்துக்கடைக்காரர் போனின் டார்ச்சை எரியவிட்டு இவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“சார், படம் எடுங்க, பரவாயில்ல. லைட்டை மட்டும் அணைச்சிடுங்க. கண்ணு கூசுது.”

“லைட்டை அணைச்சா, இருட்டுல நீ என்ன பண்றேன்னு எப்படித் தெரியும்?”

காலையில் ‘நீங்க’ என்றவர் இப்போது ‘நீ’ என்றார். லிஃப்ட்காரர் நிமிரவில்லை. ஒரு கையால் கண்ணுக்கு மறைப்பு வைத்துக்கொண்டு மறு கையால் குழாயை மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் தேடினார். கூசிய கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. கால் மணி நேரம். அரை மணி நேரம். புள்ளி மேலேறி வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் விளிம்புக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும் போல் தோன்றியது. எதிர் மாடியில் இன்னும் இரண்டு தலைகள் சேர்ந்தன. யாராவது சுவர் ஏறிக் குதித்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் மெஷின் நின்றது.

அந்த அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கொல்லைக்கு வந்தார். டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. கையால்கூட மறைக்கவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்று, எதிர் மாடிக்கும் கேட்கிற குரலில், “எதுல பாக்கணும்ங்க?” என்றார். பிறகு நிமிர்ந்து, “அண்ணே, நானும்தான் பாக்கப் போறேன். என்னையும் சேத்து எடுத்துக்கங்க” என்றார்.

அந்த அம்மா நகரவில்லை. வெளிச்சம் அவர் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அணைந்தது. மருந்துக்கடைக்காரர் உள்ளே போனாரா, இருட்டில் அங்கேயே நின்றாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாடிக்கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

“எவ்ளோ நேரம் இருக்கு?” என்று கேட்டார் அம்மா.

“ஏழெட்டு நிமிஷம்.” லிஃப்ட்காரர் கண்ணை இறுக மூடி, பத்து எண்ணுகிற அளவுக்கு நின்றார். பிறகு குனிந்தார். குழாய் ஒருமுறை அசைந்தது, இன்னொரு முறை அசைந்தது, நின்றது. அவர் முதுகு அப்படியே உறைந்தது. வெகு நேரம் கழித்து, “இருக்கு” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவிக்கு இடம் விட்டு ஒதுங்கினார்.

“எங்க? ஒண்ணும் காணோமே... ஆ.” அந்த அம்மா பேச்சை நிறுத்தினார். “ஊசியில ஒத்த முத்து கோத்த மாதிரி இருக்கு. ஐயோ, போகுதுங்க, போகுது!”

“அது எங்கயும் போகல. நாமதான் சுத்தறோம். லேசாத் தொடு. தள்ளாத, தொட்டாப் போதும்.”

மறுபடி அகப்பட்டது. அந்த அம்மா கண்ணை எடுக்காமலே பேசினார். “ஏங்க, அன்னைக்கு நான் கேட்டேனே...”

“பேசாத. மூச்சுப் பட்டா கண்ணாடி மங்கிடும்.”

அந்த அம்மாவின் தோள் இரண்டு முறை குலுங்கியது. நிமிர்ந்தபோது புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு இருட்டுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ஐபீஸின் வில்லை நனைந்து பளபளத்தது. கட்டடத்தின் விளிம்பைத் தொடச் சனிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்திருக்கலாம். கண்ணாடி துடைக்கும் பஞ்சுத் துணி லிஃப்ட்காரரின் தோளில்தான் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. குனிந்து, அந்த ஈரத்தின் மேலேயே கண்ணை வைத்தார்.