முக்கால் நிமிடம் பிந்தி வந்த ஹோம் ரன்

கானி அத்தையின் வீட்டைவிட்டு கேபிள் பெட்டி கிளம்பிப் போனது மார்ச் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. மில்வாக்கியில் அன்று மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தன. அத்தை பெட்டியைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றி, காரின் முன் இருக்கையில் உட்காரவைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டாள். இரண்டு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்த நான், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நான் எங்க உட்கார்றது, அத்தை?"

"பின்னாடி போ, பெட்ரா. இது இருபது வருஷத்துக்கு மேல என் வீட்ல இருந்திருக்கு. நீ ரெண்டு வருஷமா எட்டிக்கூடப் பாக்கல."

கேபிள் கம்பெனி கவுன்ட்டரில் இருந்த பையன் பெட்டியை வாங்கிக்கொள்ளாமல் சிரித்தான்.

"மேடம், உங்களுக்குன்னே ஒரு சலுகை வெச்சிருக்கோம்."

"போன வருஷம் எனக்குன்னேதான் விலையும் ஏத்தினீங்க. மாசம் இருநூறு டாலர் ஆகப்போகுது. நான் பாக்கறது ஒரே ஒரு பேஸ்பால் டீம், தம்பி. நீங்க எனக்கு மீன் பிடிக்கிற சேனல் நாலு குடுக்கறீங்க, கல்யாணக் கேக் சுடற சேனல் ரெண்டு குடுக்கறீங்க. அதையெல்லாம் சும்மா குடுத்துட்டு, அந்த ஒரு டீமுக்கு மட்டும் விளையாட்டுக் கட்டணம்னு தனியா ஒரு வரி போடறீங்க. எனக்கு மீனே பிடிக்காது!"

"காரணம்னு ஒண்ணு எழுதணும், மேடம். என்ன போடட்டும்?"

"விவாகரத்துன்னு போடு."

பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, துண்டை மட்டும் உதறி எடுத்துக்கொண்டு அத்தை வெளியே வந்தாள். காரில் ஏறியதும், முன் இருக்கையைத் தட்டி, "இப்ப வந்து உட்காரு" என்றாள்.

கானி அத்தைக்கு, முழுப் பெயர் கான்ஸ்டன்ஸ், வயது அறுபத்தொன்று. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசி இருக்கையில் சண்டை போடும் பிள்ளைகளை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலேயே அடக்கும் குரல் அவளுக்கு. வீட்டில் தனி ஆள். ஆனால் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அவள் தனியாக இருப்பதே இல்லை. ஊரின் தெற்குப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து ஓடும். கராஜுகள் எல்லாம் அந்தச் சந்தைப் பார்த்துத் திறக்கும். ஆட்டம் இருக்கும் நாளில் அத்தை கராஜ் கதவை மேலே ஏற்றினால் அதுதான் அழைப்பு. காரை வெளியே தள்ளிவிட்டு, மடக்கு நாற்காலிகளை விரித்து, சுவரில் டிவியைப் போட்டு, பீரிலும் வெங்காயத்திலும் வெந்த சாஸேஜைக் கரியடுப்பில் ஏற்றிவிடுவாள். சந்து முழுக்க வாசனை போகும். வாசனைக்குப் பின்னால் ஆட்கள் வருவார்கள்.

டிவியின் சத்தத்தை மட்டும் அடைத்துவிடுவோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். டிவியில் பேசுகிறவர்களை யாருக்கும் பிடிக்காது. படத்தை டிவியில் பார்ப்போம், பேச்சை ரேடியோவில் கேட்போம். அத்தையின் ரேடியோவுக்கு ஆன்டெனா உடைந்து, அதில் ஒரு கோட் ஹேங்கர் சொருகியிருந்தது.

சந்துக்கு எதிர்ப்புறம் நார்ப் வீடு. நகராட்சித் தண்ணீர் இலாகாவில் ஓய்வு பெற்றவன், அத்தையோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவன் கேபிளை விடவில்லை. விடாதது மட்டுமில்லை, கட்டில் அளவுக்கு ஒரு புது டிவியும் வாங்கிக் கராஜில் மாட்டியிருந்தான்.

"உன் ஆளுங்களுக்கு இடம் இல்லன்னா இங்க அனுப்பு, கானி" என்றான், டிவியைத் துடைத்துக்கொண்டே.

"என் ஆளுங்களுக்கு உன் மூஞ்சி ஒத்துக்காதுடா."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அந்த ஒரு பயம்தான். நாற்காலிகள் எதிர்ப்பக்கம் போய்விட்டால் என்ன செய்வது?

சீசனின் முதல் ஆட்டத்துக்கு அவள் ஏற்பாடெல்லாம் பலமாகத்தான் இருந்தது. நாட்டில் உள்ள எல்லா அணிகளின் ஆட்டத்தையும் இன்டர்நெட்டில் காட்டும் சந்தா ஒன்று இருந்தது. நான் ஹனோயில் ஒரு விடுதி மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, கைபேசியில் அதில்தான் நம் டீமைப் பார்த்தேன். அதை அத்தையிடம் சொல்லியிருந்தேன். அவளும் உடனே பணம் கட்டிவிட்டாள். கராஜில் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டிலும் ஆள். ரேடியோவில் தேசிய கீதம் முடிந்ததும், மைதானத்துக்கு மேலே பறக்கும் போர் விமானங்கள் நேராக எங்கள் கராஜ் கூரைக்கு மேலே போயின. அலமாரியில் இருந்த பெயின்ட் டப்பாக்கள் அதிர்ந்தன. எல்லோரும் ஊளையிட்டோம். அத்தை ரிமோட்டை ஓங்கி அழுத்தினாள்.

திரை கறுப்பாக நின்றது. 'நீங்கள் இருக்கும் பகுதியில் இந்த ஆட்டத்தைக் காட்ட இயலாது.'

"நாம இருக்கற பகுதியா? இப்பதான் தலைக்கு மேல பறந்தாங்களே!"

விஷயம் இதுதான்: அந்தச் சந்தா எல்லா அணிகளையும் காட்டும், உள்ளூர் அணியைத் தவிர. உள்ளூர் அணி உள்ளூர் சேனலின் சொத்து. வியட்நாமில் இருந்தால் பார்க்கலாம். மைதானத்திலிருந்து காரில் பத்து நிமிடத்தில் இருந்தால் பார்க்கக் கூடாது.

"அதாவது நான் பாக்கறதுக்கு ஹனோய்க்குப் போகணும்" என்றாள் அத்தை.

"டிக்கெட்டு கேபிளைவிட மலிவாத்தான் இருக்கும்" என்று எதிரிலிருந்து நார்ப் கத்தினான்.

அன்று சந்தைத் தாண்டி முதலில் போனது லூப்பேயின் நாற்காலி. லூப்பே முனையில் இருக்கும் ரொட்டிக் கடைக்காரி. எல்லோருக்கும் நல்லவள், யாருக்கும் விசுவாசமில்லாதவள். ஒரு கையில் நாற்காலி, மறு கையில் தட்டு.

"கோவிச்சுக்காத கானி. சாஸேஜ் உன்னோடது, படம் அவனோடது. நான் ரெண்டுக்கும் மரியாதை குடுக்கறேன்."

அவளுக்குப் பின்னால் பாதிப் பேர் போனார்கள்.

மறுவாரம் சரியான சந்தாவைக் கண்டுபிடித்தோம்: நம் டீமை மட்டும் காட்டுவதற்கு மாதம் இருபது டாலர். வெள்ளிக்கிழமை ஆட்டங்களை வேறொருவன் வைத்திருந்தான், அவனுக்குத் தனி. சில ஞாயிற்றுக்கிழமைகளை இன்னொருவன் வைத்திருந்தான், அவனுக்கும் தனி. ஒரே டீமைப் பார்க்க மூன்று பாஸ்வேர்டு. அத்தை மூன்றையும் பெயின்ட்டால் கராஜ் சுவரில் எழுதினாள். அப்படியும் இன்டர்நெட்டைச் சேர்த்துக்கூட கேபிள் பில்லில் பாதியைத் தாண்டவில்லை. அத்தை பேருந்தில் பிள்ளைகளிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் இன்டர்நெட்டில் வரும் படம் பிந்தி வரும். கொஞ்சமில்லை, முக்கால் நிமிடம். எங்கள் திரையில் பந்து வீசுகிறவன் இன்னும் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பான். ரேடியோவில் அவன் வீசி, அடிபட்டு, அடித்தவன் பாதி தூரம் ஓடியும் இருப்பான். வேறு வழியின்றி அத்தை ரேடியோவை அணைத்து அலமாரியில் வைத்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக டிவிக்காரர்களின் பேச்சைக் கேட்டாள். சாஸேஜைத் திருப்பும் கரண்டியால் அடிக்கடி காதைத் தேய்த்துக்கொண்டாள்.

அணைக்க முடியாதது நார்ப். கேபிளில் அவனுக்கு எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். எதிரே "ஓஓஓ!" என்று கூட்டம் எழும்பும். எங்கள் பக்கம் எல்லோரும் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்துபோன அடிக்காகக் காத்திருப்போம். அதோடு நார்பின் கேலியும் வரும்.

"கானி! உனக்கு இன்னும் வரலையா? கவலப்படாத, தபால்ல அனுப்பியிருக்காங்க!"

அத்தை என்னை உட்காரவைத்து சந்தாக் கம்பெனிக்குப் புகார் எழுதச் சொன்னாள். வாரம் ஒன்று. "எழுது: என் எதிர்வீட்டுக்காரன் எனக்கு முன்னால் சந்தோஷப்படுகிறான். உடனே நடவடிக்கை எடுக்கவும்."

"இப்படியேவா எழுதறது, அத்தை?"

"வேற எப்படி? அதான நடக்குது."

பதில் வரவில்லை. மே முடிவதற்குள் எங்கள் கராஜில் நாற்காலி பத்து காலி. அத்தை ஒரு தட்டு சாஸேஜைச் சுட்டு, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று வைத்துவிட்டு, மிச்சத்தை அடுப்பிலேயே விட்டாள்.

ஜூனில் ஒரு ஞாயிறு மதியம். ஆறாவது இன்னிங்ஸில் எங்கள் திரையில் படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தை எழுந்து, அலமாரியிலிருந்து ரேடியோவை எடுத்து, ஹேங்கரை நிமிர்த்தினாள். ரேடியோக்காரரின் குரல் வந்தவுடன் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த அதே நொடியில் அந்தக் குரல் உயர்ந்தது: பந்து இடப்பக்கம், உயரே, இன்னும் உயரே, வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டது!

"ஹோம் ரன்!" என்று அத்தை குதித்தாள். நானும் குதித்தேன். குதித்த பிறகு அத்தை அப்படியே நின்றாள்.

"பெட்ரா, நார்ப் ஏன் இன்னும் கத்தல?"

எதிர்க் கராஜில் எல்லோரும் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள். லூப்பே எதையோ மென்றுகொண்டிருந்தாள். நான் இரண்டு மூச்சு விட்டிருப்பேன். பிறகுதான் அங்கே "ஓஓஓ!"

"அவனுக்கும் லேட்டு!" அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ரேடியோவைவிட கேபிளும் லேட்டுடி! இத்தனை வருஷம் ரெண்டையும் சேத்துப் போட்டும் நான் கவனிக்கலையே!"

ரேடியோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சந்தின் நடுவில் போய் நின்றாள். கடைசி இருக்கைக்குக் கேட்கும் அந்தக் குரலை எடுத்தாள்.

"இப்ப வர்ற பந்து அடிபடாம வெளியில போகும், நார்ப்!"

"என்ன உளர்ற? அவன் இன்னும் பந்தே போட—"

பந்து வெளியில் போயிற்று.

"அடுத்தது அடிபடும்! நேரா கையில போய் விழும்! அவுட்டு!"

"வாயை மூடு கானி! கடவுள் பேரால கேக்கறேன், மூடு!"

அடிபட்டது. நேராகக் கையில் விழுந்தது. நார்பின் கராஜில் இப்போது யாரும் டிவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் அத்தையின் வாயைப் பார்த்தார்கள். லூப்பே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சந்தின் நடுவில் போட்டாள்.

"அங்க படம் இருக்கு, ஆனா விஷயம் இங்கதான் முதல்ல வருது" என்றாள், தட்டை நீட்டிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து எங்கள் டிவியில் வட்டம் நின்று படம் வந்தது. விட்ட இடத்திலிருந்தே வந்தது, இன்னும் அதிகமாகப் பிந்தி. ஹோம் ரன் அங்கே இனிமேல்தான். கூட்டம் அப்படியே எங்கள் கராஜுக்குள் பாய்ந்தது. என்ன நடக்கப்போகிறது என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியும். எதிரணியில் பந்து வீசுகிறவனுக்கு மட்டும்தான் தெரியாது.

"பாவம், எவ்வளவு நம்பிக்கையா நிக்கறான் பாரு!"

"வேணாம்பா! அதைப் போடாத! பேசாம வீட்டுக்குப் போயிடு!"

"பீர் எடுத்துட்டு வர நேரம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு, அவன் இன்னும் எச்சில் துப்பணும்!"

பந்து பறந்தபோது அந்தக் கராஜில் எழுந்த சத்தம் முதல் தடவையைவிடப் பெரியது. தெரிந்த சந்தோஷத்துக்கு நெஞ்சை முழுதாக நிரப்பிக்கொண்டு காத்திருக்கலாம் அல்லவா? லூப்பே அழுதேவிட்டாள். அழுதுகொண்டே இன்னொரு சாஸேஜ் கேட்டாள்.

கடைசியில் நார்ப் வந்தான், கையில் நாற்காலியோடு.

"சண்டை போட வந்தேன்" என்றான்.

"சண்டைக்கு எதுக்குடா நாற்காலி?"

"முட்டி வலிக்குது."

அத்தை நகர்ந்து இடம் விட்டாள். அடுத்த ஆட்டத்துக்குள் நார்ப் தன் கட்டில் டிவியைச் சந்தைப் பார்த்துத் திருப்பி மாட்டிவிட்டான். அதன்பின் செப்டம்பர் வரை ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் மூன்று முறை கத்தினோம்: அத்தையின் ரேடியோவில் ஒரு முறை, திரும்பி ஓடி நார்பின் கேபிளில் ஒரு முறை, பிறகு பீர், கடுகுச் சாஸ், நாற்காலி எல்லாம் சரிசெய்துகொண்டு எங்கள் கராஜில் சாவகாசமாக ஒரு முறை. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கேபிளில் மிச்சம் பிடித்ததெல்லாம் சாஸேஜிலேயே போயிற்று, அத்தைக்கு அதில் வருத்தமே இல்லை. நம் டீம் தோற்ற நாட்களில் மட்டும் கொஞ்சம் கஷ்டம். மூன்று முறை தோற்க வேண்டும்.

நான் அக்டோபரில் மினியாபோலிஸுக்கு வேலைக்குப் போனேன். குளிர்காலம் முழுவதும் ஆட்டம் இல்லை, அத்தையிடமிருந்து பனியைப் பற்றிய செய்திகள் மட்டும் வரும். மார்ச் கடைசியில், புது சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பேருந்தில் போய்க்கொண்டிருந்த என் கைபேசியில் அவள் அனுப்பிய செய்தி வந்தது. சந்தாக் கம்பெனி எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தாள்:

'அன்புள்ள கான்ஸ்டன்ஸ், சென்ற வருடம் நீங்கள் அனுப்பிய எல்லாப் புகார்களுக்கும் நன்றி. தாமதம் முற்றிலும் சரிசெய்யப்பட்டுவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். இனி உங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு முன்னால் நீங்களே சந்தோஷப்படலாம்.'

அதன் கீழே அத்தையின் வரி:

'பெட்ரா, உடனே கிளம்பி வா. இதுக்கு எதிரா ஒரு புகார் எழுதணும்.'