சம்மதம் சொல்ல வந்தவர்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் பல்செட் இன்றே உடைந்து போகட்டும். என்னிடம் மிச்சமிருக்கும் விலை உயர்ந்த சாமான் அது ஒன்றுதான். நடந்ததை நடந்தபடி, நிமிடக் கணக்கோடு சொல்கிறேன்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் பார்த்தது காலை பதினொரு மணிக்கு. அதற்கும் ஆபீஸ் நேரம் தெரிந்திருந்தது.

அப்போது நான் ஒரு தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளன். சண்டைக்குப் பயந்து எல்லை தாண்டி வந்த அகதிகள், வேறு நாட்டில் குடியேற அங்கேதான் மனுப் போடுவார்கள். ஒரே குடும்பத்தைப் பிரித்துத் தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது வழக்கம். உங்கள் வீட்டு வாசல் எந்தப் பக்கம்? கட்டில் எந்த மூலையில்? இருவர் பதிலும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் மனு குப்பைக்கூடைக்குப் போகும். எங்கள் அதிகாரி இதில் கில்லாடி. தன் கல்யாணத் தேதியையே மனைவியிடம் தனியாகக் கேட்டுச் சரிபார்ப்பார் என்று பியூன்கள் பேசிக்கொள்வார்கள்.

பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, 10.40. முதல் அறைக்குள் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் நான்கு வயது மகள். குழந்தையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக அப்பாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அவர் இறந்ததற்குச் சான்று வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சாயங்கால லாரியில் எல்லைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே என்ன காத்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

“புருஷன் எங்க?” அதிகாரி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“செத்துட்டாரு. ஆத்தைக் கடக்கும்போது.”

“சான்று?”

பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்து மேசையில் வைத்தாள். வலது கால் செருப்பு. அறுந்த வாரை நீலக் கம்பியால் கட்டியிருந்தது.

“பாப்பாவைத் தோள்ல வெச்சிருந்தாரு. என் கையில குடுத்தாரு... அப்புறம் இதுதான் மிதந்துச்சு, அண்ணே.”

அதிகாரி எழுதினார்: சான்று இல்லை.

11.05. காவலாளி கதவிடுக்கில் தலையை நீட்டினான். “சார், இவங்க வீட்டுக்காரர் ரெண்டாவது ரூம்ல வந்து உட்கார்ந்திருக்காரு.”

அவன் பேசிய மொழி அவளுக்குத் தெரியாது. நான் வாயெடுப்பதற்குள் அதிகாரி முறைத்தார். “அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. வாங்க.”

இரண்டாம் அறையில் ஒருவர் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மேசை விசிறி இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது. டக்... டக்... அவர் பக்கம் திரும்பும்போது மேசைக் காகிதங்கள் படபடத்தன. அவர் தலைமுடி மட்டும் அசையவில்லை. எண்ணெய் நிறைய தடவியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எதையாவது நினைத்துத்தானே ஆக வேண்டும்?

11.12.

“வீட்டு வாசல் எந்தப் பக்கம்?”

“கிழக்கு. மழை வந்தா கதவு திறக்காது. எட்டி உதைக்கணும்.”

அவளும் அதையேதான் சொல்லியிருந்தாள்... உதைப்பது உட்பட.

“இங்க எப்படி வந்தீங்க?”

“அவங்க பின்னாலயே வந்தேன்.”

“குழந்தையை அனுப்பச் சம்மதமா?”

“சம்மதம். அதுக்குத்தான் வந்தேன். எங்க கையெழுத்து?”

அதிகாரி கொடுத்த பேனா கை தவறி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

மேசைக்கு அடியில் இடது கால் செருப்பு. அதன் வாரிலும் அதே நீலக் கம்பி.

வலது கால் வெறுங்கால். வெளுத்து, தோல் சுருங்கி... பல நாள் தண்ணீரில் ஊறிய கால்.

டக்... டக்...

பேனாவை நீட்டினேன். அவர் விரல் பட்டது.

ஐஸ்.

கையெழுத்துப் போட்டார். கிரீச்...

அதிகாரி அதை எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில், அவள் மனுவோடு கொடுத்திருந்த பழைய குடும்ப அட்டையோடு ஒப்பிட்டார். அச்சாக அதே கையெழுத்து. அதுதான் வினையாகிவிட்டது.

என்னை வராந்தாவுக்கு இழுத்தார். “உசுரோட இருக்கிறவனைச் செத்துட்டான்னு சொல்றா! இவ சொல்றதுல எதை நம்புறது?”

“சார், அவரு கால்...”

“உங்க வேலை மொழிபெயர்க்கிறது. காலைப் பார்க்கிறது இல்ல.”

பேய்க்குப் பயப்படும் ஆள் இல்லை அவர். முரண்பாட்டுக்குத்தான் பயப்படுவார்.

11.26. அவளைக் கூட்டிவந்து கதவைத் திறந்தார்.

நாற்காலி காலி.

ஜன்னலில் கம்பி. இருப்பது ஒரே கதவு. அவர் அவளைக் கூட்டிவரும்வரை அந்தக் கதவை விட்டு நான் நகரவில்லை.

அவள் காகிதத்தைப் பார்த்தாள். கையெழுத்தை விரலால் தடவினாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

“அவரு கையெழுத்துதான்... அண்ணே, எங்க அவரு?”

நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படியே மொழிபெயர்த்தேன்.

“பாத்தீங்களா? அவ வாயாலயே ஒத்துக்கிட்டா” என்றார் அதிகாரி.

டொக்.

நிராகரிப்பு முத்திரை. மணி 11.31.

சாயங்காலம் 4.00. லாரியில் தாயும் மகளும் ஏறினார்கள். குழந்தை பலகையில் உட்கார்ந்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டது.

லாரி போனது. அதில் போனவர்களைப் பற்றி அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

மனம் கேட்காமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, அவள் புருஷன் செத்தது நிஜம், என் கண்ணால் பார்த்தேன், நானே சாட்சி என்று ஆறு பக்கம். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் சாட்சியத்தை ஏற்க முடியாதாம். காரணத்துக்கு ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை இணைத்திருந்தார்கள். ஒன்பதாம் தேதி இரவிலிருந்து பதினான்காம் தேதி காலை வரை, அதாவது அந்தப் பதினொன்றாம் தேதி முழுக்கவும், விஷக்காய்ச்சலில் நான் நினைவில்லாமல் படுக்கையில் கிடந்ததாக டாக்டர் எழுதியிருந்தார்.

அதுவும் உண்மைதான்.