கங்காணி வந்து சேராத மேட்னி

1. முதல் பெல்

முதல் பெல் அடித்தாகிவிட்டது. கதாநாயகன் வந்து சேரவில்லை.

அப்போது நான் ஊட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கவேல் சாரின் நாடகக் குழுவுக்கு லைட் மேன். இரண்டு ஸ்பாட் லைட், வெளிச்சத்தை ஏற்றி இறக்க உப்புத்தண்ணீர் டிம்மர், மேடை விளிம்பில் வைக்க நெய் டின்னை வெட்டிச் செய்த ஃபுட்லைட். அவ்வளவுதான் எங்கள் சரக்கு.

சிலோனிலிருந்து கப்பலில் திரும்பியவர்கள் நீலகிரித் தோட்டங்களில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களை நினைத்துத்தான் சார் ஒரு பழைய ஆங்கிலத் துன்பியல் நாடகத்தை மாற்றி எழுதியிருந்தார். மூன்று மகள்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுக்கும் ராஜா, சார் கையில் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி ஆகிவிட்டார். முகத்துக்கு நேரே புகழத் தெரியாத சின்ன மகளைத் துரத்துகிறார். புகழ்ந்த மற்ற இருவரும் அவரைக் கொட்டும் மழையில் துரத்துகிறார்கள். கடைசியில் சின்ன மகளும் அவர் கண்ணெதிரே சாகிறாள்.

“ஏனுங்க சார், அவிங்களே அழுதுட்டு வந்திருக்காங்க. நாம வேற அழ வெக்கோணுங்களா?” என்று கேட்டேன்.

“அழுகை உள்ளயே கெடந்தாத்தான் கஷ்டமுங்க. வெளிய வரட்டும்” என்றார்.

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில், இலை வாட்டும் மாடியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கினோம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் லாரி லாரியாக ஜனம். மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: “கூட்டம் பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா, மறுபடியும் நாடகம்னு இந்தப் பக்கம் வந்துடாதீங்க.”

கங்காணி வேஷம் கட்ட வேண்டிய சுப்பண்ணன் மஞ்சூர் ரூட்டில் பஸ் டிரைவர். காலை டிரிப் முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் விசில் கிளம்பியது. சிலர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

2. எந்தத் தோட்டம்?

சின்ன மகளாக நடிக்கும் புஷ்பம், சிலோனிலிருந்து வந்து அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். யாரையும் கேட்காமல் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

“கொஞ்சம் இருங்க. கங்காணி வந்துக்கிட்டு இருக்காரு. அதுவரைக்கும் நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. அங்கிட்டு சிலோன்ல நீங்கல்லாம் எந்தத் தோட்டம்?”

ஒரு கிழவர், “பதுளைப் பக்கம்!” என்று குரல் கொடுத்தார். “நாங்க ஹட்டன்!” “நாங்க பண்டாரவளை!” எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். யார் பேசுகிறார்கள் என்று எல்லோரும் கழுத்தை நீட்டித் தேடினார்கள்.

எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு ஸ்பாட்டைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டேன்.

“யோவ், ஸ்டேஜுக்கு லைட்டைப் போடய்யா!” என்று சைடு விங்கிலிருந்து சார் கத்தினார். நான் திருப்பவில்லை. ஊர் பேர் சொன்னவர் முகத்தில் எல்லாம் வெளிச்சத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

நடுவில் ஒரு அம்மாள் எழுந்து, “நாங்க மேமலைத் தோட்டம், கீழ் டிவிசன்” என்றாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. “கீழ் டிவிசன்ல எந்த லயம்?”

“பீலிக் குழாயில தண்ணி பிடிக்கிற எடத்துக்கு மேல உள்ள லயம்.”

“அடியே, மாரியாயி! நான் காமாட்சிடீ!”

கடைசி வரிசைக்காரி பெஞ்சுகளைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். கூட்டம் வழிவிட்டது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்து வளர்ந்தவர்கள், வேறு வேறு கப்பலில் வந்திருக்கிறார்கள். ஒருத்தி உயிரோடு இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். மாடி அதிரும்படி கைதட்டல். என் ஸ்பாட் ஆடியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் சுப்பண்ணன் நனைந்த காக்கிச் சட்டையோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“ரோட்டுல மரம் உழுந்துருச்சுங்க சார். பேசஞ்சருங்க கூடச் சேந்து வெட்டித் தள்ளிட்டு வாரேன். மேக்கப்புக்கு நேரமிருக்குங்களா?”

“மேக்கப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்பிடியே ஏறுங்க!”

3. நாடகம்

காக்கி உடுப்புக் கங்காணி அன்றைக்கு நடித்த மாதிரி பிறகு எப்போதும் நடிக்கவில்லை. மழைக் காட்சியில் நான் தகரத்தை ஆட்டி எழுப்பும் இடிச் சத்தத்துக்குத் தேவையே இருக்கவில்லை. நிஜ மழையில் ஃபேக்டரிக் கூரையே முழங்கியது. செத்த மகளை மடியில் போட்டு அவர் அரற்றியபோது, முன்வரிசைப் பாட்டி ஒருத்தி, “எழும்பு பிள்ளை, போதும், எழும்பு!” என்று கெஞ்சினாள். பிணமாகக் கிடந்த புஷ்பத்தின் தோள் குலுங்கியதைப் பார்த்துச் சட்டென்று டிம்மரை இறக்கினேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

ஒருவரும் எழுந்து போகவில்லை. மேனேஜர் தானே வந்து அடுத்த மாதமும் வரச் சொன்னார்.

ஜனம் கலையும்போது காமாட்சியும் மாரியாயியும் கைகோத்தபடி படியிறங்கினார்கள். சார் ஆசையாக ஓடிப்போய்க் கேட்டார்: “ஏனுங்கம்மா, நாடகம் எப்பிடி இருந்துச்சு?”

“நாங்க எங்கய்யா பாத்தோம்? பேசிக்கிட்டே இருந்துட்டோம்” என்றாள் மாரியாயி.

சாரின் முகம் விழுந்துவிட்டது. அடுத்த கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பெரிய சிரிப்பு.

லைட் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எப்போது எந்த லைட் என்று எழுதியிருக்கும் கியூ ஷீட்டை மனப்பாடம் பண்ணுங்கள், நல்லதுதான். ஆனால் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். சில நாள் நாடகம் அங்கேதான் நடக்கும்.