சாரலில் காயாத பெயின்ட்

சாரல் மாதத்தில் காருக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுப்பவனை எங்கள் பக்கத்தில் கிறுக்கன் என்றுதான் சொல்வார்கள். வெயில் அடிக்கும்போதே தூறும், தூறும்போதே வெயில் அடிக்கும். துவைத்துப் போட்ட வேட்டிகூட ஈரவாடையோடுதான் கொடியிலிருந்து இறங்கும். அந்த நேரம் பார்த்து என் பழைய அம்பாசடரைச் செங்கோட்டையில் ஒரு பெயின்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சீசன் முடியுத வரைக்கும் பொறுக்க முடியாதா? இந்த ஈரத்துல காயுததுக்கு நாளாகும்லா."

முடியாது என்றேன். காரை வாங்க ஆள் கிடைத்திருந்தது.

என் மனைவி இறந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. சென்னையில் இருக்கும் மகள், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுக்குமாடி வீட்டில் எனக்கு ஓர் அறை உண்டு, காருக்கு இடம் கிடையாது. மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர் கொச்சியில் பழைய கார்களைச் சேர்த்து வைக்கிறார். பெயின்ட் மட்டும் பழுதில்லாமல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆகவே பெயின்ட் காய்ந்ததும் கார் கொச்சிக்குப் போகும், குற்றாலம் போகும் வழியிலுள்ள மேலகரத்து வீட்டைப் பூட்டிவிட்டு நான் சென்னைக்குப் போவேன். இதற்கெல்லாம் தலையாட்டியவன் நான்தான். ஒரு வீட்டில் தனியாகக் கிடந்து பார்த்தால் தெரியும், யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடத் தோன்றும்.

கார் பாலாடை நிறத்தில் திரும்பி வந்தது. கண் கூசியது. தொடலாமா என்று நான் கையை நீட்டியதுமே பெயின்டர் பதறிவிட்டார்.

"மேலாக்கத்தான் காஞ்சிருக்கு, உள்ள இன்னும் ஈரம் இருக்கு. அது தானா வெளிய வரணும். ஒரு மாசத்துக்கு வேக்ஸ், பாலிஷ் எதையும் கிட்ட கொண்டு போகாதீய. அதப் போட்டு மூடிட்டா உள்ள இருக்க ஈரம் எங்கன போகும்? கவரும் போடக்கூடாது. நெழல்ல நிப்பாட்டி, பச்சத் தண்ணிய ஊத்திக் கழுவுங்க, அது போதும். காக்கா எச்சம் போட்டா அந்தானிக்கே கழுவிரணும்."

எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் கூரையில் தொடங்கி, மேலிருந்து கீழாக, தேய்க்காமல் தண்ணீரை வழியவிட்டுக் கழுவினேன். பனியன் துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு பொட்டு வைக்க வேண்டுமே என்று ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் காரைக் கழுவுவது என் வேலை, பொட்டு வைப்பது அவள் வேலை. நான் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது சந்தனமும் குங்குமமும் இருக்கும். எங்கே இருக்கும் என்று கேட்டால், காரில் இருக்கும் என்றுதான் சொல்லத் தெரியும். பூஜை அறையில் அவளுடைய குங்குமச் சிமிழ் அப்படியே இருந்தது. சந்தனத்தைக் குழைத்து, பானெட்டின் நட்டநடுவே அப்பி, அதன்மேல் குங்குமத்தைத் தாராளமாக வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது கார் புதுப்பெண் மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ராத்திரி தூறியிருக்கிறது. காலையில் பார்த்தால் குங்குமம் கரைந்து, பானெட்டில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு இறங்கியிருந்தது. தண்ணீர் ஊற்றினேன், ஒற்றினேன், அசையவில்லை. இப்போது கடையில் விற்பதெல்லாம் குங்குமமா, துணிச்சாயமா? அதை விற்றவன், செய்தவன் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க ஆளில்லாத வீட்டில் திட்டுவது அலுத்துப்போகும். சீக்கிரமே நிறுத்திவிட்டேன்.

பெயின்டருக்குப் போன் போட்டேன். "பானெட்லயா வச்சிய?" என்று அவர் கேட்ட தொனியில், வேறு யாரும் உலகத்தில் இதைச் செய்ததில்லை என்பது தெரிந்தது. "நகத்தால சொரண்டிராதீய. நல்லாக் காயட்டும். பொறவு காம்பவுண்டு பேஸ்ட்ட வச்சு லேசாத் தேச்சா போயிரும்."

ஆகவே காத்திருந்தேன். வாசலில் நாற்காலி போட்டுக் காருக்குக் காவல் உட்கார்ந்தேன். சீசன் கூட்டம் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. போகும்போது பாட்டுச் சத்தம், வரும்போது ஈரத்தலையும் எண்ணெய் வாடையும். வேன் ஜன்னலுக்கு வெளியே துண்டுகள் காய்ந்துகொண்டு போகும். வழி கேட்க ஒருவர் நிறுத்தினால், கேட்காத வழியையும் சேர்த்துச் சொன்னேன். சில நாள் நான் வாய் திறந்து பேசியதே அவ்வளவுதான் இருக்கும். ஒற்றை ஆளுக்கு ரசம் வைப்பதைப் போன்ற வெட்டிவேலை வேறில்லை. எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சும்.

மகள் சாயங்காலம் கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா என்பதற்கு அடுத்த கேள்வி, "காஞ்சிருச்சாப்பா?"

ஒருநாள் வீடியோவில் பானெட்டைக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஐயோ அப்பா, பானெட்லயா வைப்பாவ? அம்மா முன்கண்ணாடிலல்லா வைப்பா. அவ உக்காருத பக்கத்துல."

"அங்க எதுக்கு?"

"பயம்லா அவளுக்கு. ஆரியங்காவு கோயிலுக்குப் போகையில புளியரை தாண்டி மலை ஏறுவோம்லா, அந்த வளைவுல லாரி எதுக்க வந்தா அவளுக்கு உசுரே போயிரும். பொட்டு கண்ணுக்கு நேரா இருந்தா அதையே பாத்துக்கிட்டு வந்துருவாளாம். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. வருஷா வருஷம் அந்த மலையில் ஏறியிருக்கிறோம். நான் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார், அருவியைப் பார் என்று காட்டிக்கொண்டே ஓட்டுவேன். அவள் "ஆமா, நல்லாருக்கு" என்பாள். முகத்தை நேரே வைத்துக்கொண்டுதான் சொல்வாள். மலையை ரசிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போய்ப் பார்த்தேன். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்தேன். இடது பக்கத்தில் மங்கலாக ஒரு வட்டம். வருஷக்கணக்காகச் சந்தனம் உட்கார்ந்து உட்கார்ந்து கண்ணாடியிலேயே தடம் விழுந்திருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதன்மேல் துணியை ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. காரியம் நடந்த வீட்டில் பத்துப் பேருக்கு நடுவே வராத அழுகை, காருக்கு முன்னால் நின்றபோது வந்தது.

பெயின்டர் சொன்ன கெடு முடிந்தது. பானெட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், ரேகை விழவில்லை. காம்பவுண்டைக் கொஞ்சமாகத் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தேன். சிவப்பு ரோஸாகி, ரோஸ் மங்கி, கடைசியில் இல்லாமலே போனது. பிறகு வேக்ஸ். ஸ்பாஞ்சில் மெல்லிசாக எடுத்து, ஒவ்வொரு பகுதியாக, ஒரே திசையில் பூசினேன். பூசிய இடம் வெளிறிப் பனி மூடியது போலாகும். அப்போது சுத்தமான துணியால் துடைத்தால் உள்ளிருந்து பளபளப்பு எழுந்து வரும். கூரை, கதவுகள், மட்கார்டுகள் என்று காலை முழுவதும் அதே வேலை. முடித்தபோது கதவில் என் முகம் தெரிந்தது. முகச்சவரம் செய்து நாளாகியிருந்தது. சொல்லிவைத்தாற்போல் ஒரு சாரல் வந்து போனது. துளிகள் பெயின்டில் ஒட்டாமல் முத்து முத்தாக நின்று, உருண்டு விழுந்தன. கொச்சிக்காரர் பார்த்தால் மறுபேச்சுப் பேசமாட்டார்.

சிமிழை எடுத்து வந்து, கண்ணாடியில் இருந்த அந்த வட்டத்தின் மேலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். இத்தனை வருஷத்தில் என் காரில் நான் இடது பக்கம் உட்கார்ந்ததில்லை. கதவைத் திறந்து அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பொட்டு கண்ணுக்கு நேராக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் ஸ்டியரிங் முன்னால் ஆள் இல்லாதது தெரியவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. மகள்தான்.

"சாப்ட்டீங்களாப்பா? காஞ்சிருச்சா? அவரு கொச்சிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காரு."

வெளியே பானெட்டில் கடைசித் துளிகள் உருண்டுகொண்டிருந்தன.

"எங்கம்மா, இங்கன சாரல் விட்டாத்தான. இன்னும் காயல" என்றேன்.